துப்பறியும் துறவி: வடுவூராரின் நாவல்களை முன்வைத்து ஒரு சிந்தனை

தமிழில் முதல் நாவலை நமக்குத் தந்தவர் ஒரு கத்தோலிக்கர்; அதிலும் ஒரு நீதிபதி. மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற வேதநாயகம் பிள்ளை, 1879ஆம் ஆண்டு 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். அன்றாடம் வழக்காடுவோரையும் சாட்சிகளையும் கண்முன் நிறுத்தி விசாரித்தவர் அவர். ஆயினும் அவர் குற்றக் கதை எழுதவில்லை. சிரிப்பும் நற்போதனையும் கலந்த குடும்பக் கதையையே எழுதினார். வழக்குமன்றத்தில் கண்ட இருளை வீட்டுக்குள் கொண்டுவர அந்த நல்லவருக்கு மனம் வரவில்லை போலும்.

அந்த இருளை வீட்டுக்குள்ளேயே கண்டெடுத்து எழுதியவர், அதே காவிரிக் கரையில் ஒரு தலைமுறைக்குப் பின் தோன்றிய வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். நம் கீழ்வேளூரிலிருந்து மேற்கே திருவாரூரையும் மன்னார்குடியையும் கடந்து தஞ்சைச் சாலையில் சென்றால் வடுவூர் வரும். கோதண்டராமர் கோயிலுக்கும், வெளிநாட்டுப் பறவைகள் வந்து தங்கும் ஏரிக்கும் பெயர்பெற்ற ஊர். 1880ஆம் ஆண்டு பிறந்து 1942ஆம் ஆண்டு மறைந்த வடுவூரார், அரசுப் பணியை விட்டு எழுத்தையே வாழ்வாகக் கொண்டவர். 'மனோரஞ்சனி' என்னும் மாத இதழ் வழியாகத் தம் நாவல்களை மாதந்தோறும் வாசகர் கைக்குக் கொண்டு சேர்த்தவர். 'மேனகா', 'கும்பகோணம் வக்கீல்', 'பூர்ணசந்திரோதயம்', 'வித்யாசாகரம்', 'மதனகல்யாணி', 'மாயாவிநோதப் பரதேசி' என அவர் எழுதிக் குவித்தவை பல.

இவரைப் பற்றி ஒரு மறைமாவட்ட இதழில் எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். துப்பறியும் கதை பொழுதுபோக்குக்கு உரியது, திகில் கதை இளைஞர் மனத்தைக் கெடுப்பது என்னும் எண்ணம் நம் இல்லங்களில் இன்றும் உண்டு. ஆனால் பாவம், மறைவு, உண்மை வெளிப்படுதல், தீர்ப்பு ஆகியவை மறையியலின் சொற்களும் ஆகும். இவற்றையே மூலப்பொருளாகக் கொண்ட ஓர் எழுத்தாளரை, அதுவும் நம் மண்ணின் எழுத்தாளரை, ஒரு பங்குத்தந்தையின் பார்வையில் எடைபோட்டுப் பார்ப்பது பயனற்றதாகாது.

மாளிகையும் நாலுகட்டு வீடும்

ஆங்கிலத்தில் 'காத்திக்' எனப்படும் திகில் கதைக்கு 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'ஒட்ராண்டோ கோட்டை' தொடக்கம் எனச் சொல்லப்படுகிறது. பாழடைந்த கோட்டை, சுரங்கவழி, சிறைப்பட்ட பெண், தலைமுறைகளாகத் தொடரும் சாபம் ஆகியவை அதன் உறுப்புகள். 1794இல் 'உடால்ஃபோ மர்மங்கள்' எழுதிய ஆன் ராட்கிளிஃப் அம்மையார் அதில் ஒரு மாற்றம் செய்தார். வாசகரை நடுங்க வைத்த அமானுடத் தோற்றங்களுக்கெல்லாம் இறுதியில் இயற்கையான விளக்கம் தந்தார். பேய் என்று அஞ்சியது மனிதனின் வேலையே என்று காட்டும் இந்த வழியில்தான் திகில் கதை மெல்ல மெல்லத் துப்பறியும் கதையை நோக்கி நகர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜார்ஜ் ரெயினால்ட்ஸ் இந்தத் திகிலைக் கோட்டையிலிருந்து நகரத்துக்குக் கொண்டுவந்தார். 1844இல் தொடங்கிய அவருடைய 'லண்டன் நகர மர்மங்கள்' வாரந்தோறும் மலிவு விலையில் விற்றது. தம் நாட்டுத் திறனாய்வாளர்கள் மதிக்காத ரெயினால்ட்ஸ், இந்தியாவில் மிகப் பெரிய வாசகர் கூட்டத்தைப் பெற்றார். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூரார் ஆகிய மூவரும் மேலைநாட்டு மர்மக் கதை மரபை உள்வாங்கி எழுதியவர்கள். ஆரணியாருக்கு ஆனந்தசிங், ரங்கராஜுவுக்குக் கோவிந்தன், வடுவூராருக்குத் திகம்பர சாமியார் என ஒவ்வொருவருக்கும் ஒரு துப்பறிவாளர் உண்டு.

தழுவல் என்பதால் வடுவூராரை ஒதுக்கிவிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். இலண்டன் மாளிகையை அவர் அப்படியே தஞ்சைக்குப் பெயர்த்து வைக்கவில்லை. தஞ்சைக்கு உரிய மாளிகை எது என்று தேடினார். சில கதைகளில் அது அரண்மனை. சிலவற்றில் ஜமீன் பங்களா. ஆனால் அவருடைய சிறந்த பக்கங்களில் அது சாதாரணக் குடும்ப வீடுதான். நம் வட்டாரத்துப் பழைய வீடுகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். தெருவைப் பார்த்த திண்ணை, அதைத் தாண்டினால் ரேழி, பிறகு கூடமும் முற்றமும், அதற்கும் அப்பால் இரண்டாங்கட்டு, கடைசியில் கொல்லை. வழிப்போக்கருக்குத் திண்ணை, தெரிந்தவருக்கு ரேழி, உறவினருக்குக் கூடம். இரண்டாங்கட்டில் நடப்பதை அறிந்தவர் அங்கேயே வாழ்கிற பெண்கள் மட்டுமே. ஐரோப்பியத் திகில் கதைக்குச் சுரங்கவழி தேவைப்பட்டது. நமக்கு அது தேவையில்லை. ரேழிக் கதவைச் சாத்தினாலே போதும்.

மேனகாவின் வீடு

'மேனகா' நாவலை எடுத்துக்கொள்வோம். தஞ்சையில் டெபுடி கலெக்டராக இருக்கும் சாம்பசிவ ஐயங்காரின் மகள் மேனகா. அவள் கணவன் வராகசாமி ஒரு வக்கீல். அந்த வீட்டை ஆள்பவர்கள் அவனுடைய தமக்கையர், கைம்பெண்களான பெருந்தேவியும் கோமதியும். அவர்களுக்குத் துணை சாமாவையர். சீர்வரிசைப் பிணக்கும் வசைமொழியும் படிப்படியாக வளர்ந்து, ஒருநாள் அந்த மருமகளையே நைனா முகம்மது என்னும் செல்வந்தனுக்கு விலைபேசி விற்றுவிடுகிறார்கள். ஊருக்குச் சொல்லப்படும் செய்தியோ, அவள் ஓடிப்போனாள் என்பது.

கதையின் திகில் இங்கேதான் இருக்கிறது. அவளைக் கடத்தியவர்கள் முகமூடிக் கொள்ளையர் அல்லர், சோறு பரிமாறியவர்கள். படித்த கணவன் தன் வீட்டுக்குள் நடப்பதை அறியாதிருக்கிறான். அறிய விரும்பாதிருக்கிறான் என்பதே இன்னும் பொருந்தும். வழக்குமன்றத்தில் சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்யத் தெரிந்தவனுக்குத் தன் தமக்கையரிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லை. உயர் அதிகாரியான தந்தையின் பதவியும் மகளைக் காப்பாற்றவில்லை. அரசின் கை திண்ணைவரை நீளும். இரண்டாங்கட்டுக்குள் நீளாது என்பதை அரசுப் பணியில் இருந்த வடுவூரார் அறிந்திருந்தார்.

அவளைக் காப்பாற்றுபவர் யார்? வாங்கியவனின் மனைவி நூர்ஜகான். இங்கு வடுவூராரைப் பாராட்டவும் வேண்டும், குறைகூறவும் வேண்டும். இச்சை கொண்டு விலைக்கு வாங்குபவனாக ஓர் இஸ்லாமியரைப் படைத்தது அக்காலப் பொதுப்புத்தியின் எளிய வழி. ஆயினும் அந்த எளிய வழியிலேயே அவர் நின்றுவிடவில்லை. பிறந்த சமயத்தவர் விற்ற பெண்ணை வேற்றுச் சமயத்தவளே மானத்தோடு காக்கிறாள். எரிக்கோ சாலையில் குருவும் லேவியரும் விலகிப் போக, சமாரியர் நின்றார் அன்றோ? விவிலியம் அறிந்த வாசகருக்கு நூர்ஜகான் அந்நியமானவள் அல்லள்.

வடுவூராரின் கதை சொல்லும் திறமைக்கும் இந்நாவல் நல்ல சான்று. உரையாடலை நாடகம் போல் நீளவிட்டு, பேசுவோரின் குணத்தை அவர்தம் வாயாலேயே வெளிப்படுத்துவது அவர் வழக்கம். கச்சேரித் தமிழ், அக்கிரகாரத் தமிழ், வேலைக்காரர் தமிழ் என ஒவ்வொருவருக்கும் ஒரு பேச்சு உண்டு. ஓரிடத்தில் ஆபத்தை உச்சத்துக்குக் கொண்டுசென்று, அங்கேயே விட்டுவிட்டு வேறிடத்துக் கதைக்குத் தாவுவார். மாத இதழுக்காக எழுதியவருக்கு இந்த உத்தி பிழைப்பும் ஆகும். நாடகமாக மேடையேறிய 'மேனகா', 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில், டி.கே.எஸ். சகோதரர்கள் நடிப்பில் திரைப்படமாகவும் வந்தது. புராணப் படங்கள் மலிந்திருந்த காலத்தில் ஒரு குடும்ப வீட்டின் குற்றம் திரைக்கு வந்தது சிறிய செய்தி அன்று.

ஆடையற்ற பெயர், கணக்கற்ற வேடம்

'கும்பகோணம் வக்கீல்' வேறு வகை. சட்டம் கற்றவனே சட்டத்தைக் கேடயமாக்கிக் கொடுமை செய்கிறான். அவனை வெல்ல வருபவர் திகம்பர சாமியார். இந்த நாவலைத்தான் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனம் 1950இல் 'திகம்பர சாமியார்' என்ற பெயரில் படமாக்கியது. பல வேடங்களில் தோன்றும் நாயகனாக எம்.என். நம்பியார் நடித்தார். பின்னாளில் திரையில் கொடியவராகவே நாடறிந்த அவர், வாழ்வில் சபரிமலைப் பக்தர்கள் போற்றிய குருசாமி. தோற்றத்தைக் கொண்டு மனிதரை அளக்காதே என்னும் கதைக்கு இவரைவிடப் பொருத்தமான நடிகர் கிடைத்திருக்க மாட்டார்.

திகம்பரன் என்றால் திசைகளையே ஆடையாக உடையவன். மறைக்க எதுவும் இல்லாதவன் என்று பெயர்; ஆனால் உண்மையைத் தேடி அவர் பூணும் வேடங்களுக்கோ கணக்கில்லை. துப்பறிவாளராக ஒரு போலீஸ் அதிகாரியையோ செல்வரையோ வைக்காமல், வடுவூரார் ஏன் ஒரு துறவியை வைத்தார்? சாமியாருக்கு எந்த வீட்டு வாசலிலும் நிற்க உரிமையுண்டு என்பது ஒரு காரணம்; கதைக்கு அது வசதி. அதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது நம் கருத்து. சொத்து வேண்டுபவன் சொத்துக்காகச் செய்யும் குற்றத்தை முழுமையாகக் காண மாட்டான். குடும்ப கௌரவத்தில் பங்குள்ளவன் அந்தக் கௌரவத்தின் அடியில் கிடக்கும் பிணத்தைப் பார்க்க மாட்டான். தனக்கென ஒன்றும் வேண்டாதவனுக்கே பார்வை தெளிவாக இருக்கும். துறவுக்கு இப்படியும் ஒரு சமூகப் பயன் உண்டு என்று ஜனரஞ்சக நாவல் ஒன்று சொல்லிவிட்டது.

இங்கு ஒரு குருவின் நினைவு வருவது இயல்பு. வடுவூராரின் காலத்தவரான ஜி.கே. செஸ்டர்டன், 1910இல் தந்தை பிரவுன் என்னும் கதைமாந்தரைப் படைத்தார். அப்போது செஸ்டர்டன் கத்தோலிக்கர் அல்லர். 1922இல்தான் திருச்சபையில் சேர்ந்தார். ஜான் ஓ'கானர் என்னும் குரு ஒருவரோடு பழகியபோது, மனிதத் தீமையைப் பற்றி அவர் அறிந்திருந்தவை செஸ்டர்டனைத் திடுக்கிட வைத்தன. அதே நாளில் இரு கல்லூரி மாணவர்கள், குருக்கள் உலகமறியாதவர்கள் என்று பேசக் கேட்டாராம். இந்த முரணிலிருந்தே அந்தச் சிறுகதைகள் பிறந்தன. ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து பிறர் பாவங்களைக் கேட்பவருக்கு, உலகம் அறியாத ஒன்று மிஞ்சியிருக்குமா?

இரு துப்பறிவாளரையும் அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். திகம்பர சாமியார் வெளியிலிருந்து நுழைகிறார். வேடம் மாற்றி, ஒளிந்து கேட்டு, சூழ்ச்சியைச் சூழ்ச்சியால் வெல்கிறார். தந்தை பிரவுன் உள்ளிருந்து அறிகிறார். குற்றவாளியின் மனம் தன் மனத்திலும் உண்டு என்பதே அவருடைய இரகசியம். சாமியாரின் வேலை, முகத்திரை கிழிந்தவுடன் முடிந்துவிடுகிறது. பிரவுனின் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. அவர் பின்தொடர்ந்த பெருந்திருடன் ஃபிளாம்போ மனம்மாறி, பின்னர் அவருக்கே துணைவனாகிறான். கொடியவன் அகப்பட வேண்டும் என்று வடுவூரார் விரும்பினார். செஸ்டர்டனோ அவன் மீட்கப்பட வேண்டும் என்று விரும்பினார்.

இதைச் சமய வேறுபாடு என்று எளிதாக முடித்துவிடக் கூடாது. மனமாற்றம் நம் இதிகாச மரபிலும் உண்டு. வடுவூராரின் குறை கலைக்குறை. பல நூறு பக்கங்கள் தீமையை வளர்த்தவர், அது ஒரு மனித நெஞ்சில் எப்படி முளைத்தது என்பதைக் காட்டப் பொறுமை கொள்வதில்லை. இளம் வயதில் கணவனை இழந்து, தம்பி வீட்டில் ஒண்டி வாழ நேர்ந்த பெருந்தேவியின் கசப்புக்கு ஒரு வரலாறு இருந்திருக்கும் அன்றோ? தனக்கென வாழ்வற்றவள் பிறர் வாழ்வைக் கெடுக்கத் துணிந்தது எப்படி என்று எழுதியிருந்தால், 'மேனகா' தமிழின் பெருநாவல்களில் ஒன்றாகியிருக்கும்.

சூசன்னாவும் மேனகாவும்

இன்னொரு குறையும் உண்டு. அதுவே நமக்கு முக்கியமானது. களங்கம் சுமத்தப்பட்ட மேனகா குற்றமற்றவள் என்பதைக் கதை நீண்ட நேரம் எண்பிக்க வேண்டியிருக்கிறது. அவளுடைய சொல் மட்டும் ஒருவருக்கும் போதவில்லை. கத்தோலிக்க விவிலியத்தில் தானியேல் நூலின் 13ஆம் அதிகாரமாக உள்ள சூசன்னாவின் வரலாற்றை இங்கு நினைவுகூரலாம். மதிப்புக்குரிய இரு முதியோர், தங்கள் இச்சைக்கு இணங்காத பெண்ணின்மீது பழி சுமத்துகின்றனர். பதவியும் வயதும் அவர்கள் பக்கம் இருப்பதால் மக்கள் கூட்டம் அவர்களை நம்பிவிடுகிறது. இளைஞன் தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்கிறான். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொல்கின்றனர், பொய் உடைகிறது. உலகின் தொன்மையான துப்பறியும் கதைகளுள் ஒன்றென இதை ஆங்கில எழுத்தாளர் டாரத்தி சேயர்ஸ் தம் தொகுப்பில் சேர்த்ததில் வியப்பில்லை.

ஆயினும் அவ்வரலாற்றில் நாம் விரைந்து கடந்துபோகும் ஓரிடம் உண்டு. தானியேல் வருமுன்பே சூசன்னா உண்மையைச் சொல்லிவிட்டார். அன்று தோட்டத்தில் உரக்கக் கூவினார். பின்னர் கூட்டத்தின் நடுவே கடவுளை நோக்கிக் கதறினார். கடவுள் கேட்டார், கூட்டம் கேட்கவில்லை. புத்திசாலியான ஒருவர் வந்து எண்பித்த பிறகே ஊர் நம்பியது. துப்பறியும் கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும், ஊர் முதலில் கேட்கத் தவறியதன் விளைவாகவே அதற்கு ஒரு துப்பறிவாளர் தேவைப்படுகிறார்.

இது பழங்கதை அன்று. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் நம் நாட்டில் இயற்றப்பட்டது. அரசின் கை இரண்டாங்கட்டுவரை நீளட்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் "வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது" என்னும் சொல், சட்டத்தைவிட வலிமையோடு நம் தெருக்களில் வாழ்கிறது. வீடுகளுக்கு மட்டுமா அது உரியது? துறவியின் உடையே வேடமாகவும் ஆகலாம் என்பதைத் திருச்சபையும் பெரும் வேதனையோடு கற்றிருக்கிறது. குருக்கள்மீதும் துறவியர்மீதும் எழும் முறையீடுகளை மறைக்காமல் அறிவிப்பது கடமை என, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டு மே மாதம் விதிமுறை வகுத்தார். நிறுவனத்தின் கௌரவம் துன்புற்றவரின் சொல்லைவிடப் பெரியதன்று என்பதே அதன் சாரம்.

வடுவூராரின் பிற்காலம்

கண்ட இடத்தில் எல்லாம் மறைபொருள் தேடும் பழக்கம் வடுவூராரை ஒரு விந்தையான இடத்துக்கு இட்டுச்சென்றது. நம் மரபுகளின் வேர்களைப் பண்டைய எகிப்தோடு இணைத்துக் காட்ட முயன்று, ஆங்கிலத்தில் மிகப் பெரிய நூல் ஒன்றை எழுதினார். கதையில் வெற்றி தந்த அதே ஊகத் திறன், வரலாற்றில் அவரைக் கைவிட்டது. கதையில் ஆசிரியரே சான்றுகளையும் படைத்துவிடலாம். வரலாற்றில் அது இயலாது. அவருடைய நாவல்களுக்குக் கிடைத்த புகழில் சிறு பங்கும் அந்நூலுக்குக் கிடைக்கவில்லை. பிற்கால இலக்கியவாதிகள் அவரை வணிக எழுத்தாளர் என்று ஒதுக்கினர். எனினும் கண்டிப்பான திறனாய்வாளராக அறியப்பட்ட க.நா. சுப்ரமண்யம் அவரைப் பரிவோடு நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார் என்பது குறிப்பிடத்தக்கது.

இன்று அவரைப் படிக்கலாமா? படிக்கலாம், பொறுமை வேண்டும். வடமொழி மிகுந்த நடையும், முடிவில்லாத வருணனைகளும், நம்ப முடியாத தற்செயல்களும் இடறும். பெண்ணின் துன்பத்தை வேண்டிய அளவுக்கு மேல் நீட்டிச் சுவை சேர்க்கும் போக்கும் உண்டு. அங்கே நாம் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். ஆனால் நல்ல குடும்பம் என்று ஊர் சொல்லும் வீட்டின் ரேழிக் கதவைத் தட்டிப் பார்க்கும் துணிவை அவர் நமக்குக் கற்றுத் தருகிறார். நம் பங்குகளில் இல்லம் மந்திரிக்கச் செல்லும் குருக்களும், அன்பியக் கூட்டத்துக்கு வீடு வீடாகச் செல்லும் பொதுநிலையினரும் பெரும்பாலும் கூடத்தோடு திரும்பிவிடுகிறோம். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலைநிமிராமல் உள்ளே போய்விடும் மருமகளிடம் "நலமா, அம்மா?" என்று கேட்டு, அவள் பதில் சொல்லும்வரை காத்திருக்க நமக்கு நேரம் இருந்தால், அந்த வீட்டுக்கு ஒரு திகம்பர சாமியார் தேவைப்பட மாட்டார்.